அப்புச்சியின் அலமாரி

என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, புத்தகங்களை ஆள்வாரியாக அடுக்குவார். ஒருவர் எழுதியது அத்தனையும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். அது ஆராய்ச்சி நூலானாலும் சரி, பிள்ளைகளுக்கான கதையானாலும் சரி. நெடுங்காலம் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். பள்ளி நூலகத்தில் பாடவாரியாக அடுக்கிப் பழகியவர்தான். வீட்டு அலமாரியில் மட்டும் அந்த முறையை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒருத்தர் மனசுல ஒண்ணா இருந்ததெல்லாம் நாம எதுக்குப் பிரிச்சு வெக்கோணும்?" என்பார்.

அந்த அலமாரி ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சிக்கு அருகே எங்கள் அம்மாவின் ஊரில், ஓட்டு வீட்டு ஆசாரத்தில் நின்றது. அப்போது ஈரோடு கோவை மாவட்டத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்ட விடுமுறைகளில் அங்கே போவோம். மற்ற பிள்ளைகள் கிணற்றுக்கும் தென்னந்தோப்புக்கும் ஓட, நான் அலமாரிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். புத்தகங்களுக்கு இடையில் அப்புச்சி வசம்புத் துண்டுகளைப் போட்டு வைத்திருப்பார், பூச்சி அரிக்காமல் இருக்க. அந்த வசம்பு வாடை இன்றைக்கும் எனக்குப் படிப்பின் வாடைதான்.

நடுத்தட்டு முழுக்கப் பெரியசாமித் தூரனுடையது. 'பாரம்பரியம்', 'கருவில் வளரும் குழந்தை', 'மனமும் அதன் விளக்கமும்', 'குழந்தை உள்ளம்' என்று அறிவியலும் உளவியலும் வரிசையாக நிற்கும். பக்கத்தில் 'பாரதி தமிழ்'. அதையடுத்து நாட்டுப்பாடல்களைத் திரட்டிய 'காற்றில் வந்த கவிதை'. அதை ஒட்டியே 'மாயக்கள்ளன்', 'சூரப்புலி', 'கொல்லிமலைக் குள்ளன்', 'தரங்கம்பாடித் தங்கப் புதையல்', 'சங்ககிரிக் கோட்டையின் மர்மம்'. நான் முதலில் கைவைத்தது கொல்லிமலைக் குள்ளன் மீது என்று சொல்லத் தேவையில்லை. கதைகள் தீர்ந்துபோனதும் கை தானாகப் பக்கத்தில் இருந்ததை எடுத்தது. அதே பெயர் அட்டையில் இருந்ததால் அதுவும் கதையாகத்தான் இருக்கும் என்று எடுத்தேன். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நிறமும் முகச்சாயலும் எப்படி வந்து சேர்கின்றன என்று அதில் எழுதியிருந்தது. பாதி புரியவில்லை. புரிந்த பாதி என்னைத் தூங்கவிடவில்லை. என் மூக்கு ஏன் அம்மாவைப் பெற்ற அம்மிச்சியின் மூக்காக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு என்பதே பெரிய செய்தியாக இருந்தது.

"ஏனுங் அப்புச்சி, இது ரெண்டும் ஒரே ஆளுங்களா எழுதுனது?"

"ஒரே ஆளுதான் கண்ணு. நம்ம மஞ்சக்காட்டுவலசுக்காரரு. இங்கிருந்து கூப்பிடுற தூரம்."

அப்புச்சிக்கு அதில் பெருமை இருந்தது. தூரன் 1908-இல் மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர். கோவை பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தார். ஆசிரியர் வேலையில் பிள்ளைகளோடு பழகியவருக்குத்தான் அப்படிக் கதை எழுத வரும் என்பது அப்புச்சியின் கட்சி. தமிழிசை மேடைகளில் இன்றும் பாடப்படும் 'புண்ணியம் ஒரு கோடி' போன்ற கீர்த்தனைகளும் அவருடையவைதான். ஆனால் பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது பிற்காலத்தில். சிறுவயதில் அவர் எனக்கு இரண்டு பேராக இருந்தார்: புதையல் தேடிப் போகிறவர் ஒருவர், கலைக்களஞ்சியம் செய்தவர் ஒருவர்.

கலைக்களஞ்சியம் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. மேலே வைத்தால் தட்டு தாங்காது. இந்தியா விடுதலை பெற்ற 1947-இல், தி.சு. அவினாசிலிங்கத்தின் முயற்சியால் தமிழ் வளர்ச்சிக் கழகம் அந்தப் பணியைத் தொடங்கியது. முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. 1963-க்குள் ஒன்பது தொகுதிகள். இணைப்புத் தொகுதியாகப் பத்தாவது 1968-இல் வந்தது. முதன்மை ஆசிரியர் தூரன். சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் அலுவலகம் போட்டு, வானியலாளரையும் மருத்துவரையும் வரலாற்றாசிரியரையும் தமிழில் எழுதவைத்து, எழுதி வந்ததைத் திருத்தி, இல்லாத கலைச்சொல்லை உண்டாக்கி, அகர வரிசையில் கோத்து அச்சுக்கு அனுப்புகிற வேலை. அவ்வளவு பெரிய பொறுப்பைத் தலையில் சுமந்திருந்த ஒருவர்தான் மாயக்கள்ளனையும் எழுதினார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. அதைவிட வியப்பு, பெரிய கலைக்களஞ்சியம் முடிந்த கையோடு, அறுபது வயதில், குழந்தைகளுக்கென்று இன்னொரு கலைக்களஞ்சியத்தைத் தொடங்கியது. 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகள். ஒவ்வொன்றும் மெலிந்த புத்தகம். பிள்ளை மடியில் வைத்துப் படிக்கிற அளவு, பக்கத்துக்குப் பக்கம் படம்.

அந்தப் பத்துத் தொகுதிகளும் என் பிள்ளைப் பருவத்தோடு கூடவே வந்தன. புதுத் தொகுதி வந்துவிட்டது என்று அப்புச்சியின் கார்டு வந்தால் விடுமுறை எப்போது என்று நாள் பார்க்கத் தொடங்குவேன். நான் கண்டுபிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. குழந்தைகள் தொகுதியில் ஒரு தலைப்பைப் படிப்பேன். பிறகு அதே தலைப்பைப் பெரிய கலைக்களஞ்சியத்தில் தேடி எடுத்து, தரையில் விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு படிப்பேன். சிறியதில் நாலு பத்தியாக இருப்பது பெரியதில் பக்கக் கணக்கில் விரிந்திருக்கும். சிறியதில் தெளிவாகத் தெரிந்தது பெரியதில் கிளைவிட்டுப் போகும். எங்கே புரியாமல் போகிறதோ அங்கே நிறுத்திவிட்டு அப்புச்சியிடம் போவேன். அவருக்கும் தெரியாத இடங்கள் உண்டு. "இது சயின்ஸு வாத்தியாரைக் கேக்கோணும்" என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வார். திங்கட்கிழமை பழைய பள்ளிக்கூடத்துக்கே சைக்கிளில் போய்க் கேட்டுவிட்டு வருவார்.

ஒரே பொருளை ஒரே மனிதரின் மேற்பார்வையில் பெரியவர்களுக்கு ஒருமுறையும் பிள்ளைகளுக்கு ஒருமுறையும் எழுதவைத்திருக்கிறார்கள் என்பதன் அருமை அப்போது எனக்குத் தெரியாது. பிற்காலத்தில் கல்லூரியில் பாடம் நடத்தியபோதுதான் தெரிந்தது. பெரிய நூலைச் சுருக்கினால் பிள்ளைகள் நூல் வராது. எதை விடுவது, எதைக் கட்டாயம் சொல்வது என்று தீர்மானிக்க அந்தத் துறையை முழுக்க அறிந்திருக்க வேண்டும். அரைகுறையாக அறிந்தவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார், பிள்ளை களைத்துப்போகும்.

"வெளக்கு வெச்சு எவ்வளவு நேரமாச்சு, இன்னும் அந்தப் பொட்டியையே கட்டிட்டு அழுவறா பாரு. கண்ணு கெட்டுப் போயிரும் சாமி, வந்து சோறு தின்னு" என்று அம்மிச்சி அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இரவில் நாங்கள் பாயில் படுத்திருக்கும்போது, அன்றைக்கு நான் படித்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். சங்ககிரிக் கோட்டைக் கதையைச் சொன்னபோது பாதியில் நிறுத்தி, "அந்தக் கோட்டையிலதான் சின்னமலையைத் தூக்குல போட்டாங்கொ" என்றாள். எனக்கு அது தெரியாது. கதைப் புத்தகத்தில் வந்த கோட்டை உண்மையிலேயே இருக்கிறது, அங்கே ஒருவரைத் தூக்கிலிட்டிருக்கிறார்கள் என்ற செய்தி என்னை எழுப்பி உட்காரவைத்தது.

அடுத்த நாள் அப்புச்சி விளக்கினார். தீரன் சின்னமலை கம்பெனிப் படையை எதிர்த்துப் போரிட்டவர். 1805-இல் சங்ககிரி மலைக்கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். ஆடிப் பதினெட்டை ஒட்டி அவரை இன்றும் நினைவுகூர்கிறார்கள். அதன்பின் சேலம் பேருந்தில் போகும்போதெல்லாம் சன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டு, மலைமேல் ஏறிப்போகும் அந்த மதில் கண்ணில் படும்வரை காத்திருப்பேன். கதையில் வந்த சிறுவர் சிறுமியரும் அங்கே இருந்தார்கள், சின்னமலையும் இருந்தார். எல்லோரையும் ஒரே மலையில் வைத்துப் பார்ப்பதில் எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

மயிலை சீனி. வேங்கடசாமியின் 'கொங்கு நாட்டு வரலாறு' 1974-இல் வந்தது. அப்புச்சி அதை வாங்கிய நாளிலேயே பழுப்புத்தாள் அட்டை போட்டு, என் கையில் கொடுத்தார். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது ஏற்ற புத்தகம் என்று எந்த நூலகரும் சொல்ல மாட்டார். முதல் பக்கத்திலிருந்து படி என்று அவரும் சொல்லவில்லை. "உனக்குத் தெரிஞ்ச ஊர்ப் பேரு எங்கெங்க வருதுன்னு பாத்து, அந்தப் பக்கத்த மட்டும் படி" என்றார். ஆராய்ச்சி நூலைப் பிள்ளை படிப்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், தெரியாத அரசர்களும் ஆண்டுகளும் மெல்ல மெல்ல அந்த ஊரைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

அப்படிப் பெயர் தேடும்போதுதான் அறச்சலூர் வந்தது. எங்கள் ஊரிலிருந்து மாட்டுவண்டி தூரம். சந்தைக்குப் போகிற ஊர், மஞ்சள் காய்கிற ஊர் என்று மட்டுமே நாங்கள் அறிந்திருந்தோம். அங்கே நாகமலையில் ஒரு குகைத்தளத்தில் பழந்தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் புலவர் செ. இராசு, இளம் தமிழாசிரியராக இருந்த காலத்தில். அப்புச்சி அவரைப் பற்றிச் சொல்லும்போது குரலே மாறும். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் மலையேறிப் பார்த்ததால் தமிழிசை வரலாறே ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு மேல் பின்னால் போய்விட்டது என்பார்.

ஒரு சித்திரை மாதம் அவர் எங்களை அங்கே கூட்டிப்போனார். வெயில் ஏறுவதற்குமுன் மலையடியில் இருந்தோம். கருவேலம் முள்ளை ஒதுக்கிக்கொண்டு, பாறையில் கைவைத்து ஏறி, குகைக்குள் குனிந்து போனால் கல்லில் எழுத்து. தமிழ்ப் பிராமியிலிருந்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்து. ஐராவதம் மகாதேவன் அதைக் கி.பி. 4-ஆம் நூற்றாண்டு என்று கணித்திருக்கிறார். நான் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் ஓரெழுத்தும் விளங்கவில்லை. அப்புச்சி மடியிலிருந்து தாளை எடுத்தார். கல்லில் இருந்ததை இன்றைய எழுத்தில் கட்டம் போட்டு எழுதிவந்திருந்தார். வரிசைக்கு ஐந்து எழுத்து, ஐந்து வரிசை. எல்லாமே த, தா, தை, தே என்ற ஓசைகள். இடமிருந்து வலமாகப் படித்தால் எப்படி வருகிறதோ அப்படியே மேலிருந்து கீழாகப் படித்தாலும் வருகிறது.

என் தம்பிக்கு அப்போது ஆறேழு வயது. அந்தத் தாளை வாங்கி விரலால் ஓட்டிப் படித்தவன், தாளம் பிடித்துக்கொண்டு குகைக்குள்ளேயே குதிக்கத் தொடங்கினான். குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை. அறிஞர்கள் அதை இசைக் குறிப்பு என்றும் ஆடல் அடவுக்கான தாளச்சொல் என்றும் எழுதியிருக்கிறார்கள். தம்பிக்கு அந்த வாதம் எதுவும் தெரியாது. அந்த எழுத்துகளைக் கண்டவுடன் அவன் ஆடினான். அருகில் இன்னொரு வரி அந்தக் கட்டங்களை அமைத்தவர் பெயரைச் சொல்கிறது: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். மணிகளின் தரம் பார்க்கிற தொழிலைச் செய்தவர். மலைக்குகையில் உட்கார்ந்து எழுத்துகளைக் கட்டத்தில் அடுக்கிப் பார்த்திருக்கிறார். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. தமிழ்க் கல்வெட்டியலில் அவ்வளவு முக்கியமான ஒரு சான்று, ஆறு வயதுப் பையன் ஆடிப் பார்க்கிற பாட்டாகவும் இருந்தது. அன்று திரும்பிவரும்போது வண்டி முழுக்க அந்தத் தாளம்தான். வண்டிக்காரரும் சேர்ந்துகொண்டார்.

அப்புச்சி வீட்டிலிருந்து போனவளுக்கு ஊர் நூலகத்தின் ஒழுங்கு புரியாமல் போனதில் வியப்பில்லை. நாங்கள் குடியிருந்த ஊரின் கிளை நூலகத்தில் சிறுவர் பகுதி என்று சன்னலுக்கு அடியில் ஒரு தட்டு. அம்புலிமாமா, அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்', வாண்டுமாமாவின் கதைகள், நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை. எல்லாமே நல்லவை. அவற்றைப் படித்துமுடித்து, அடுத்த அறையில் கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில் இருந்த அபிதான சிந்தாமணியைக் கேட்டேன். "அது பெரியவங்க புஸ்தகம் பாப்பா, உனக்கு எதுக்கு?" என்று பதில் வந்தது. கெஞ்சியும் பயனில்லை. பீரோச் சாவி யார் கைக்கும் வந்து நான் பார்த்ததில்லை. பெரியவர்களும் அதைக் கேட்டதில்லை. அந்தப் புத்தகம் கண்ணாடிக்குப் பின்னால் யாருக்கும் பயன்படாமல் இருந்தது.

விடுமுறையில் அப்புச்சியிடம் அதைச் சொன்னேன். அவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். அலமாரியின் மேல்தட்டில் இருந்த தம்முடைய பிரதியை இறக்கித் தந்தார். ஆ. சிங்காரவேலு முதலியார் ஒற்றை ஆளாகப் பல ஆண்டு உழைத்துத் தொகுத்த கலைக்களஞ்சியம் அது. அச்சிட ஆளின்றி அலைந்து, கடைசியில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக 1910-இல் வெளிவந்தது. அதைப் போன்ற கதைப் புத்தகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் படித்ததில்லை. ஒரு முனிவர் பெயரை எடுத்தால் அவர் சாபமிட்ட அரசன் பெயர் வரும். அவனைத் தேடிப்போனால் அவன் மகள், அவள் தவமிருந்த மலை, அந்த மலையில் விளையும் மருந்து. பாதி இரவு ஓடிவிடும். அம்புலிமாமாவில் படித்த வேதாளக் கதைகளின் வேர்கள் எங்கெங்கோ கிடைத்தன. பிள்ளைக்குக் கதைமேல் உள்ள பசியும், அறிஞருக்குச் செய்திமேல் உள்ள பசியும் ஒன்றுதான் என்று நான் நம்புவதற்கு அந்த இரவுகளே காரணம்.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் வரிசையும் அப்புச்சியின் அலமாரியில் உண்டு. பசுவையும் கன்றையும் பற்றிய அவருடைய பாட்டைத் தமிழ்நாட்டில் பாடாமல் வளர்ந்த பிள்ளை அந்தத் தலைமுறையில் இல்லை. அவரே கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்தவர். சோழர் வரலாற்றில் வருகிற காந்தளூர்ச் சாலை பற்றி ஆராய்ந்து எழுதியவர். இந்தச் செய்தியை அப்புச்சி சொன்னபோது எனக்குப் பதினைந்து வயதிருக்கும். தூரன் ஒருவர்தான் அப்படி என்று நினைத்திருந்த எனக்கு, அது ஒரு தலைமுறையின் வழக்கமே என்று அன்று விளங்கியது. மு. வரதராசனார் இருந்தார். நா. வானமாமலை இருந்தார். பிள்ளைகளுக்குக் கதைகளும் எழுதி, குழந்தை இலக்கியத்தின் வரலாற்றையும் எழுதிய பூவண்ணன் இருந்தார். பெரும்புலமை உடையவர்கள் பிள்ளைகளுக்கு எழுதுவதைத் தங்கள் வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார்கள்.

சோவியத் புத்தகங்களைச் சொல்லாமல் விட முடியாது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் வேன் ஊர் ஊராக வரும். மாஸ்கோவில் தமிழில் அச்சான புத்தகங்கள், கெட்டித்தாளில், கைக்கு அடக்கமாக, பள்ளிப்பிள்ளை சேர்த்துவைத்த காசுக்கு வாங்கும் விலையில். 'அப்பா சிறுவனாக இருந்தபோது' என்ற கதைத் தொகுப்பைத் தம்பிக்காக வாங்கி நானே முதலில் படித்தேன். சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' பூ. சோமசுந்தரத்தின் மொழிபெயர்ப்பில் அப்புச்சியை அழவைத்தது. அதே வேனில், அதே மேசையில், பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்'. கதையையும் பௌதிகத்தையும் அவர்கள் அடுத்தடுத்து வைத்து விற்றார்கள். 1991-இல் சோவியத் ஒன்றியம் இல்லாமல் போனபோது அந்த வரத்து நின்றது. அந்தப் பதிப்பகங்கள் செய்த வேலையைத் தமிழ்நாட்டில் அதே அளவில் பிறகு யாரும் எடுத்துச் செய்யவில்லை என்பதே என் கருத்து.

நான் தமிழ் படித்தேன், கல்லூரியில் ஆசிரியரானேன். ஆய்வேடு எழுதினேன். என்னோடு பணிபுரிந்தவர்களில் கல்வெட்டிலும் யாப்பிலும் நாட்டார் வழக்காற்றிலும் ஆழ்ந்த அறிவுடையவர்கள் பலர். அவர்களில் ஒருவர்கூடப் பிள்ளைகளுக்கென்று ஒரு பக்கம் எழுதவில்லை. கேட்டால், "அதெல்லாம் கணக்கில் வராதுங்க அம்மா" என்பார்கள். உண்மைதான். பதவி உயர்வுக்கு நூல்களைக் கணக்கெடுக்கும்போது பிள்ளைகள் நூலுக்கு மதிப்பெண் போட மாட்டார்கள். ஆய்விதழில் நாலு பக்கம் எழுதினால் கிடைக்கும் மதிப்பு, பத்து வயதுப் பிள்ளைக்குச் சங்ககாலத்தைப் புரியவைக்கும் நூறு பக்கத்துக்குக் கிடைக்காது. இந்த முறை தவறு. பணியில் இருந்தபோது கூட்டங்களில் சொன்னேன்; ஓய்வுபெற்ற பிறகும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதன் விளைவை ஒவ்வோர் ஆண்டும் கண்ணால் பார்க்கிறேன். ஈரோட்டில் 2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவை புத்தகத் திருவிழா நடத்துகிறது. அதைவிட என் ஊருக்கு நடந்த நல்ல காரியம் குறைவு. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். உண்டியலில் ஆண்டெல்லாம் சேர்த்த சில்லறையைக் கொண்டுவருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சிறுவர் நூல் அரங்கில் நல்ல கதைகள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் வழங்குவதாலும், புதிய பதிப்பகங்கள் ஆர்வத்தோடு இறங்கியிருப்பதாலும் எழுதுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஆய்வு நூல்களும் அப்படியே. நான் மாணவியாக இருந்தபோது கனவிலும் காணாத பதிப்புகள் வருகின்றன. ஆனால் இரண்டு அரங்குகளுக்கும் நடுவில் நடந்து போய் எழுதுகிற ஆள் அருகிவிட்டார். கீழடியைப் பற்றி அறிஞர்களுக்கான அறிக்கை இருக்கிறது, நாளிதழ்ச் செய்தி இருக்கிறது. அதைத் தோண்டியவர்களும் ஆய்ந்தவர்களும் தாமே பிள்ளைகளுக்கு உட்கார்ந்து எழுதிய கதை வேண்டும் என்று கேட்கிறேன். தூரன் இருந்திருந்தால் எழுதியிருப்பார்.

அப்புச்சி மறைந்தபின் அலமாரி என்னிடம் வந்தது. புத்தகங்களை எடுத்துத் துடைத்து அடுக்கியபோது உதவிக்கு வந்திருந்த தச்சர் என்னிடம் கேட்டார், "சின்னப் பிள்ளைங்க புஸ்தகத்தைக் கீழ் தட்டுல தனியா வெச்சரலாமுங்களா?" வேண்டாம் என்று சொல்லி, அப்புச்சி வைத்தபடியே ஆள்வாரியாக அடுக்கச் சொன்னேன். என் பேத்தி விடுமுறைக்கு வருகிறாள். அவளுக்குக் கைப்பேசியில் கதை கேட்கத்தான் பிடிக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. அம்மிச்சியும் காதால்தான் படித்தாள். ஆனால் கதவு திறந்தே இருக்கிறது. போன முறை மாயக்கள்ளனை எடுத்தவள், நாலு நாளில் பக்கத்துப் புத்தகத்தையும் எடுத்துவிட்டாள்.

பெற்றோருக்கும் நூலகர்களுக்கும் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. பிள்ளை பெரிய புத்தகத்தைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். புரியாவிட்டால் அதுவே கீழே வைத்துவிடும். புரிந்த பக்கம் ஆயுளுக்கும் கூட வரும். வீட்டில் அலமாரி இல்லாதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. தூரனின் கலைக்களஞ்சியமும், குழந்தைகள் கலைக்களஞ்சியமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. அவருடைய படைப்புகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் சிறுவர் கதைகளையும் யாரும் எடுத்துப் பதிப்பிக்கலாம்; பல கதைகள் இணையத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. கலைக்களஞ்சியத்தையும் கதையையும் பிள்ளைக்குத் திறந்து காட்டுங்கள்.

ஆராய்ச்சியில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த நூல் வெளிவந்த கையோடு, அதே பொருளைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒருமுறை எழுதித் தாருங்கள்.